பிரேக் மிதிச்சா இன்டிகேட்டர் மினுக்குது, பார்க்கிங் லைட்டு அணையுது: எங்க போயி முட்டிக்கிறதுங்க?

கோபிநெல்லு | திங்கள், ராத்திரி 10.12

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருசமா படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் மொத மொதல்ல எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

எங்கூட்டு வண்டி டீசல் 7 சீட்டர், எடுத்து 9 வருசமாச்சு, 1,38,000 ஓடியிருக்குது. போன சனிக்கெழம மைசூர்ல ஒறம்பரை வீட்டு விசேசத்துக்குப் போயிட்டு திரும்பி வரைல, 9 மணிக்கு திம்பம் மலை ரோட்ட அடைச்சிருவாங்கன்னு வெரசா வந்து ஒருவழியா 27 வளைவும் எறங்கி பண்ணாரில டீ குடிக்க நிறுத்துனமுங்க. எங்களுக்குப் பொறகாலயே வந்த கார்க்காரரு ஒருத்தரு எறங்கி வந்து ஒரே சத்தம். "ஏங்க, வளைவுக்கு வளைவு லெப்ட் இன்டிகேட்டரு காட்டிட்டே எறங்கறீங்க, வழி விடறீங்களாக்கும்னு ரெண்டு தடவ ஏறப் பாத்தேன், அவ்வளவுதான் எங்கூட்டுல எல்லாத்தையும் பாத்திருப்பேன்"ங்கறாரு. நான் இன்டிகேட்டரத் தொடவே இல்லீங்க.

வீட்டுக்கு வந்து செவுத்துப் பக்கமா வண்டிய நிறுத்திப் பாத்தா, பின்னாடி லைட்டுல வலது பக்கம் எல்லாம் சரியா இருக்குது. எடது பக்கம் பார்க்கிங் லைட்டு போட்டா லேசா மங்கலா எரியுது, அப்ப பிரேக்க மிதிச்சா பிரேக் லைட்டு வர்றதுக்குப் பதிலா இருக்கற பார்க்கிங்கும் அணைஞ்சு போயி இன்டிகேட்டரு மின்மினிப் பூச்சியாட்டம் மினுக்குது. பார்க்கிங் போட்டுட்டு இன்டிகேட்டரு போட்டா ரெண்டும் மாத்தி மாத்தி கண்ணடிக்குது. டிக்கி கதவுல மேல இருக்கற பிரேக் லைட்டு செல நேரம் வருது, செல நேரம் வர்றதில்ல.

சர்வீஸ்ல காட்டுனா, லெப்ட் சைடு பின்னாடி லைட்டு அசெம்ப்ளி போச்சு, முழுசா மாத்தோணும், வயரிங்கும் பாக்கோணும்னு 11,400 எஸ்டிமேட் போட்டுக் குடுத்துட்டாங்க. அவங்க கழட்டியே பாக்கலைங்க, நின்ன எடத்துல எழுதுனாங்க. மாத்தீரலாமா, வேற ஏதாச்சும் பாக்கலாமா?

---

நாமக்கல்முட்டை | திங்கள், ராத்திரி 10.31

பல்பு போயிருக்கும் பாஸ். அந்த டபுள் பாயிண்ட் பல்புல உள்ள ரெண்டு இழை இருக்கும், ஒரு இழை அறுந்து இன்னொண்ணு மேல ஒட்டிக்கிச்சுன்னா இப்புடி கண்டபடி எரியும். நூறு ரூபாய்க்குள்ள வேலை, மாத்திப் பாத்துட்டு வாங்க.

---

கோவைவெளிச்சம் | திங்கள், ராத்திரி 10.40

பல்பெல்லாம் எதுக்கு ப்ரோ இந்தக் காலத்துல, நாலு பக்கமும் எல்இடி போட்டு விட்ருங்க, நான் காந்திபுரத்துல போட்டேன், பட்டப்பகல்லயே கண்ணு கூசும்.

---

கோபிநெல்லு | செவ்வாய், காலை 7.05

வெள்ளெனா எந்திரிச்சு மொத வேலையா பல்ப கழட்டிப் பாத்தனுங்க, ரெண்டு இழையும் நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் புதுசு ஒண்ணு போட்டுப் பாத்தேன், அதே கதைதான். வலது பக்கத்து பல்ப எடுத்து எடதுல போட்டாலும் அதே. பியூஸும் பாத்தாச்சு, எடதுக்குத் தனி, வலதுக்குத் தனியா ரெண்டு 10 ஆம்பியர் செவப்பு, ரெண்டும் போகல.

---

சங்ககிரிவயரு | செவ்வாய், காலை 7.48

தம்பி, 11,400 ரூபாய எடுத்து பத்திரமா வெச்சுக்குங்க. நீங்க எழுதுன அடையாளத்தப் பாத்தா எர்த்து, அதாவது கரண்டு பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்பற வழி, சரியாக் கெடைக்கலைங்க. 30 வருசமா லாரி வயரிங் பாக்கறேன், எங்கூருப் பக்கம் பாடி கட்டி வர்ற வண்டி, திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டின்னு பாத்ததுல, பின்னாடி லைட்டு "ஒண்ணு போட்டா இன்னொண்ணு எரியுது"ன்னு வந்தா பத்துக்கு எட்டு எர்த்துதான். பல்பு போனா பெரும்பாலும் எரியாது, அவ்வளவுதான், சேட்டை பண்றது கம்மி. சேட்டை பண்ணுதுன்னாலே எர்த்தப் பாக்கோணும். சர்வீஸ்ல அந்தப் பையனுங்களுக்கு தெரியாதுன்னு சொல்லல, கழட்டிப் பாக்கறதுக்கு அவங்களுக்கு நேரத்துக்குக் காசு வராது, பார்ட்ஸ் மாத்துனாத்தான் வரும்.

எப்படின்னா, உங்க ஊரு தடப்பள்ளி வாய்க்கா பாசனந்தான? வயலுக்குத் தண்ணி பாயறதுக்கு மடை இருக்குது, போறதுக்கு வடிகால் இருக்குது. வடிகால் அடைச்சுக்கிச்சுன்னா தண்ணி என்ன பண்ணும், வரப்ப ஒடைச்சு பக்கத்துக் காட்டுக்குள்ள பூரும். அதேதான் இங்கயும். பிரேக், பார்க்கிங், இன்டிகேட்டரு மூணுக்கும் பிளஸ் தனித்தனியா வருது, ஆனா எர்த்து மூணுக்கும் சேத்து அந்த ஹோல்டர் தகட்டுல ஒரே ஒரு வயரு. அது பாடில சரியா உக்காரலைன்னா, பிரேக்குக்கு வந்த கரண்டு பல்பத் தாண்டி போக வழியில்லாம இன்டிகேட்டரு இழை வழியா ரிவர்ஸ்ல ஏறி முன்னாடி இன்டிகேட்டரு பல்புல போயி எர்த் தேடுது. போற வழியில பின்னாடி இன்டிகேட்டர லேசா எரிச்சுட்டுப் போகுது, உங்க மின்மினி அதுதான். பார்க்கிங் ஏன் அணையுதுன்னா, அது 5 வாட்ஸ் இழை, பிரேக்கு 21 வாட்ஸ். பிரேக்க மிதிச்சதும் அந்தத் தகட்டுலயே வோல்ட்டு நல்லா ஏறிக்கிது, பார்க்கிங் இழைக்கு ரெண்டு பக்கத்துக்கும் வோல்ட்டு வித்தியாசம் கொறைஞ்சு போகுது, அப்பறம் அது எப்படி எரியப் போகுது?

ஒரு நிமிசத்துல உறுதி பண்ணிக்கலாம். ரெண்டு முழம் வயரு எடுத்து ஒரு முனைய அந்த ஹோல்டரோட எர்த் தகட்டுல தொடுங்க, இன்னொரு முனைய பாடில பெயிண்டு இல்லாத எடத்துல, டிக்கி லாக் போல்டு மாதிரி எதுலயாச்சும் வெச்சு அமுக்குங்க. பிரேக்க மிதிக்கச் சொல்லுங்க. பளிச்சுன்னு வந்துச்சுன்னா பேச்சே இல்ல. எந்த வயரு எர்த்துன்னு கலர மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, வண்டிக்கு வண்டி மாறும்.

---

ஈரோட்டம்மிணி | செவ்வாய், காலை 9.20

எங்க வண்டில இதுக்கு நேர்மாறுங்க. பிரேக் லைட்டு அணையவே மாட்டேன்னுருச்சு, சாவி எடுத்தாலும் எரிஞ்சுட்டே இருந்து காலைல பேட்டரி செத்துப் போச்சு. ஊட்டுக்காரரு அந்த சுவிட்சு இந்த ரிலேன்னு ரெண்டு நாள் படுத்துனாரு. நான் மேட்ட ஒதறும்போது காலுக்கடில பிளாஸ்டிக்கு தூளு தூளா கெடந்துச்சு, அதக் காட்டுன பொறகுதான் மெக்கானிக்கு சொன்னாரு, பிரேக் பெடல்ல சுவிட்ச அமுக்கற எடத்துல ஒரு சின்ன ஸ்டாப்பர் இருக்கும்மா, அது நொறுங்கி விழுந்துருச்சுன்னு. அம்பது ரூபா சாமானம். கூட்டறவங்க சொல்றத கேட்டா காசு மிச்சம், கேட்டாத்தான.

---

கோபிநெல்லு | செவ்வாய், மத்தியானம் 1.15

சங்ககிரி அண்ணா, நெம்ப நன்றிங்ணா, வடிகால் கதை நல்லாப் புரிஞ்சுது. ஆனா ஒரு சந்தேகம். கடையில 450 ரூபாய்க்கு மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்து, அந்த பீப் சத்தம் வர்ற எடத்துல வெச்சு எர்த் தகட்டையும் பாடியையும் தொட்டேன், "பீப்"புனு நல்லாச் சத்தம் வருதுங்ணா. அப்ப எர்த்து இருக்குதுன்னுதான அர்த்தம்?

---

சங்ககிரிவயரு | செவ்வாய், மத்தியானம் 1.52

எல்லாரும் விழுகற குழி அதுதான் தம்பி. பீப் வெக்கைல மீட்டருக்குள்ள இருக்கற சின்ன பேட்டரி துளியூண்டு கரண்டுதான் அனுப்புது. பத்து இழை வயருல ஒம்பது அறுந்து ஒண்ணு ஒட்டிட்டு இருந்தாலும் பீப் வரும். பிரேக் பல்பு ஒண்ணுக்கே ஒண்ணே முக்கா ஆம்பியர் வேணும். ஒத்தையடிப் பாதைல ஆளு போகலாம், மாட்டு வண்டி போகுமா?

லோடு போட்டுட்டு அளக்கோணும். மீட்டர டிசி 20 வோல்ட்டுல வெச்சுக்கிட்டு, செவப்பு முள்ள ஹோல்டரோட எர்த் தகட்டுல, கருப்ப பேட்டரி மைனஸ்ல வைக்கோணும், வயரு எட்டலைன்னா பாடில நல்ல போல்டுல வைங்க. பல்பு மாட்டுனபடியே இருக்கோணும். இப்ப பிரேக்க மிதிச்சுப் புடிச்சுட்டு படிங்க. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த்து நல்ல எர்த்து. அதுக்கு மேல எச்சா காட்டுனா அங்கதான் வண்டியோட சீக்கு. அப்படியே வலது பக்கமும் அளந்து வெச்சுக்குங்க, ஒப்புப் பாக்க ஆகும்.

---

பெருந்துறைபைபாஸ் | செவ்வாய், மத்தியானம் 3.30

இதெல்லாம் ஒரு மேட்டரான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. 1989 மத்திய மோட்டார் வாகன விதில பின்னாடி செவப்பு லைட்டு 155 மீட்டர் தூரத்துல இருந்து தெரியோணும், நம்பர் பிளேட்டு லைட்டு வெள்ளையா இருந்து 15 மீட்டர்ல நம்பர படிக்கோணும்னு இருக்குது. பொழுது எறங்கி அரை மணி நேரத்துல இருந்து கணக்கு. நான் அன்னாடும் விஜயமங்கலம் டோல் தாண்டி வர்றவன், சேலம் கொச்சி ரோட்டுல போற கார்கள்ல பாதிக்கு நம்பர் பிளேட்டு லைட்டே கெடையாது. தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்து போற சனம் கையில ஒளிரும் குச்சி, முதுகுல ஸ்டிக்கர்னு ஒட்டிட்டுப் போகுது, இருபது லட்ச ரூபா வண்டி இருட்டடிச்சுட்டு வருது.

---

கோபிநெல்லு | செவ்வாய், ராத்திரி 9.50

அண்ணா, கண்டுபுடிச்சாச்சு!!! கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பொழுதோட வேலைல இருந்து வந்து அப்பாவ டிரைவர் சீட்டுல உக்கார வெச்சேன், "நான் சொன்னா மிதிங்கப்பா, உடுன்னா உடுங்க"ன்னு. வலது பக்கம் மொதல்ல அளந்தேன், 0.06. எடது பக்கம் வெச்சு "மிதிங்கப்பா"ன்னா மீட்டர்ல 7.4! நான் நம்பாம ரெண்டு மூணு தடவ மிதிக்கச் சொல்ல, அப்பா "ஏண்டா, தையல் மிசினா இது"ங்கறாரு. அப்பறம் நீங்க சொன்ன வயரு வைத்தியமும் பண்ணுனேன், வயர தொட்டதும் பிரேக் லைட்டு பளீர்னு வந்துச்சு, எடுத்தா மறுபடி மின்மினி. எங்கூட்டு அம்மிணிய கூப்பிட்டுக் காட்டுனேன், "அதான் எரியுதே, சாப்பிட வாங்க"ன்னுட்டுப் போயிருச்சு.

எர்த் வயரு எங்க போயி முடியுதுன்னு தேடறதுக்குத்தான் நேரமாச்சு. டிக்கில எடது பக்கம் பிளாஸ்டிக் பேனல கழட்டோணும், நாலு கிளிப்பு, அதுல ஒண்ணு ஒடைஞ்சு போச்சு. உள்ள ஜாக்கி இருக்கற குழிக்கு மேல, 10ம் நம்பர் போல்டு ஒண்ணு, அதுல மூணு கருப்பு வயரு ஒட்டுக்கா சேத்து வளையம் போட்டு முறுக்கியிருக்குது. டார்ச் அடிச்சுப் பாத்தா, அண்ணா, அந்த வளையத்துக்கு அடில வண்டி கலரு பெயிண்டு! அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு வருசம் முன்னாடி பவானி லட்சுமி நகர்ல சிக்னல்ல நின்னுட்டு இருக்கைல ஒருத்தன் பொறகால வந்து எடது மூலைல முட்டிட்டான், டிங்கரிங் பெயிண்டிங் பண்ணுனோம். பெயிண்டு அடிக்கைல அந்த எடத்துலயும் சேத்து அடிச்சு, அது மேலயே வளையத்த வெச்சு முறுக்கியிருக்காங்க. இத்தன நாளும் போல்டு மரை வழியாத்தான் எர்த்து போயிட்டு இருந்திருக்குது.

அதோட நிக்கல. லைட்ட மாட்டைல பாடிக்கும் லைட்டுக்கும் நடுவுல வர்ற ஸ்பாஞ்சு பீடிங்க பாதி மடிச்சு மாட்டியிருக்காங்க. மழைத்தண்ணி அந்தச் சந்துல பூந்து, பேனலுக்குள்ள ஒழுகி, சரியா அந்த போல்டு மேலயே சொட்டியிருக்குது. ஐப்பசி மழை ரெண்டு பாத்ததும் மரையெல்லாம் துரு, வளையத்துல பச்சக் களிம்பு.

போல்ட கழட்டி, உப்புத்தாள் வெச்சு பெயிண்டு போயி தகடு வெள்ளையா மின்னற வரைக்கும் தேச்சேன். வளையத்தையும் ரெண்டு பக்கமும் தேச்சேன். புது போல்டு, பல்லு வாசர் போட்டு முறுக்கி இப்ப அளந்தா 0.04. வலது பக்கத்த விட நல்லா இருக்குது. துரு ஏறாம இருக்க மேல ஏதாச்சும் தடவோணுமா?

---

சங்ககிரிவயரு | செவ்வாய், ராத்திரி 10.20

பேஷ். தடவறது முறுக்குனதுக்கு அப்பறம்தான், நடுவுல வெச்சு முறுக்கக் கூடாது. வாசலினோ கிரீஸோ மேலாப்புல போத்தி விட்ருங்க, தண்ணி அண்டாது. பீடிங்க எடுத்துட்டு புதுசு போடுங்க, அது இல்லாம நீங்க பண்ணுன வேலை அடுத்த மழை வரைக்கும்தான். போட்டுட்டு பைப்புல தண்ணி அடிச்சு, உள்ள கை வெச்சுப் பாருங்க. பெயிண்டு கடைக்காரர திட்டாதீங்க, எர்த் போல்டு மேல டேப் ஒட்டிட்டு அடிக்கோணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல.

---

கோவைவெளிச்சம் | புதன், காலை 8.10

சங்ககிரி அண்ணா, இதுக்கு நடுவுல என்றதையும் கேட்டுக்கறேன். எல்இடி போட்டதுல இருந்து இன்டிகேட்டரு படபடன்னு வேகமா அடிக்குது, பார்க்கிங்குக்கும் பிரேக்குக்கும் வெளிச்சத்துல வித்தியாசமே தெரியல. கடைக்காரரு ரெசிஸ்டர் ஒண்ணு போடலாம்ங்கறாரு.

---

சங்ககிரிவயரு | புதன், காலை 8.45

உங்க வண்டி பிளாஷரு, அதான் இன்டிகேட்டர விட்டு விட்டு எரிய வெக்கற ரிலே, 21 வாட்ஸ் லோடுக்குப் பழகுனது, எல்இடி குடிக்கறது அதுல கொஞ்சூண்டு, அதனால ஒரு பல்பு போச்சாக்கும்னு நெனச்சு வேகமா அடிச்சு உங்களுக்குச் சொல்லுது. அது கோளாறு இல்ல, எச்சரிக்கை. ரெசிஸ்டர்னா 6 ஓம்ஸ் 50 வாட்ஸ்ன்னு தங்கக் கலர்ல ஒண்ணு குடுப்பாங்க, அது 12 வோல்ட்டுல 24 வாட்ஸ் சூட்ட கக்கும், பிளாஸ்டிக்குலயோ வயருலயோ கட்டுனா உருகிப் போகும், போடறதுன்னா தகட்டுல வெச்சு முறுக்குங்க. ஆனா கரண்டு மிச்சம்னு எல்இடி போட்டு, அப்பறம் ரெசிஸ்டர் வெச்சு அதே கரண்ட சூடாக்கி வெளிய விடறதுக்கு பழைய பல்பே போட்டுட்டுப் போகலாமே தம்பி.

வித்தியாசம் தெரியலைங்கறதுதான் நெசமான ஆபத்து. பின்னாடி வர்றவனுக்கு நீங்க பிரேக் அடிக்கறதே தெரியாது. பழைய பல்ப போடுங்க, போடைல பாத்துப் போடுங்க, டபுள் பாயிண்டு பல்புக்கு ரெண்டு பக்கத்து முள்ளும் ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்கும், சிங்கிள் பாயிண்டுக்கு ரெண்டும் சமமா இருக்கும். அவசரத்துல சிங்கிள அமுக்கித் திருகி ஏத்துனவங்களயும் பாத்திருக்கேன், அது அடில ரெண்டு பாயிண்டையும் ஒண்ணாச் சேத்துரும், அப்பறம் பார்க்கிங் போட்டா பிரேக் லைட்டும் எரியும்.

---

கோபிநெல்லு | புதன், ராத்திரி 8.30

கொசுறு வேலை ஒண்ணு பாக்கி. டிக்கி கதவுல மேல இருக்கற பிரேக் லைட்டு இன்னும் அதே மாதிரிதாங்ணா, வருது போகுது. நம்பர் பிளேட்டு லைட்டும் எரியல, பெருந்துறை அண்ணன் சொன்னதுக்கு அப்பறந்தான் அதையே பாத்தேன். கதவ பாதி தெறந்தா மேல் லைட்டு எரியுது, முழுசா மூடுனா அணையுது.

---

பொள்ளாச்சிஎளநி | புதன், ராத்திரி 8.52

கதவு கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாயி வரும் பாருங்க, பாடில இருந்து கதவுக்கு, யானைத் துதிக்கையாட்டம். அத உருவிப் பாருங்க. 9 வருசம் டிக்கிய தெறந்து தெறந்து மூடி வயரு உள்ள ஒடிஞ்சிருக்கும். எனக்கு அதே எடத்துல பெருக்கான் எலி கடிச்சு வெச்சிருந்துச்சு, தென்னந்தோப்புல வண்டி நிறுத்தறதுக்கு எனக்கு அது தண்டனை.

---

சங்ககிரிவயரு | புதன், ராத்திரி 9.15

எளநி சொல்றது சரி. பேட்டரி மைனஸ கழட்டிட்டு வேலை பாருங்க. பாக்கறதுக்கு வயரு மேல் தோலு நல்லாவே இருக்கும், ஏமாந்துராதீங்க. ஒவ்வொரு வயரா புடிச்சு லேசா இழுங்க, உள்ள செம்பு அறுந்த எடத்துல தோலு மட்டும் ரப்பராட்டம் நீளும், அங்க தெரிஞ்சு போகும். அறுந்த எடத்துலயே முறுக்கி டேப் சுத்தாதீங்க, அந்த எடம் மடங்கற எடம், ஆறு மாசத்துல மறுபடி போகும். துதிக்கைக்கு ரெண்டு பக்கமும் வெளிய தள்ளி வெட்டி, நடுவுல புதுசா நல்ல வளையற ஆட்டோ வயரு, கொஞ்சம் தொளதொளன்னு நீளமா விட்டு, ரெண்டு ஜாயிண்டும் மடங்காத எடத்துல வர்ற மாதிரி ஈயம் வெச்சு, சுருங்கற ஸ்லீவ் போட்டு விடுங்க. எல்லா ஜாயிண்டையும் ஒரே எடத்துல வெக்காம முன்ன பின்ன தள்ளி வைங்க, இல்லைன்னா எலி முழுங்குன பாம்பாட்டம் வீங்கி ரப்பருக்குள்ள போகாது.

---

கோபிநெல்லு | ஞாயிறு, மத்தியானம் 12.40

முடிஞ்சுதுங்க. துதிக்கைய உருவுனா உள்ள ஏழு வயரு. ஒண்ணு சுத்தமா அறுந்து ரெண்டு துண்டா நிக்குது, ஒண்ணு தோலு வெடிச்சு செம்பு பச்சையா பூத்திருக்குது, மூணாவதப் புடிச்சு இழுத்தா சங்ககிரி அண்ணன் சொன்ன மாதிரி சவ்வு மிட்டாயாட்டம் நீளுது. மூணையும் மாத்தினேன். ஈயம் வெக்கறது வராதுன்னு எங்க தெருவுல டிவி ரிப்பேரு பண்ற பெரியவர கூட்டியாந்தேன், அவரு ஒரு காபியோட முடிச்சுட்டாரு, காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

செலவுக் கணக்கு: மீட்டர் 450, பல்பு 40, பீடிங் 180, வயரு ஸ்லீவ் போல்டு எல்லாம் சேத்து 130, ஒடைஞ்ச கிளிப்பு 20. மொத்தம் 820.

பைப்புல தண்ணி அடிச்சும் பாத்தாச்சு, சொட்டுத் தண்ணி உள்ள வரல. கடைசியா ஒரு தடவ எல்லா லைட்டையும் போட்டுப் பாத்துறலாம்னு அப்பாவ உக்கார வெச்சு, பார்க்கிங், லெப்ட், ரைட்டு, ரிவர்ஸ், பிரேக்குன்னு ஒண்ணொண்ணா பாத்துட்டு, சந்தோசத்துல அப்படியே உள்ள வந்து இத எழுத உக்காந்துட்டேன். இப்ப வாசல்ல இருந்து சத்தம் வருது, "ஏண்டா, கால உடட்டுமா வேண்டாமா"ன்னு.